குரல் என்று பெயரிட்ட அறை

“தெரிஞ்சு பண்ணியா, தெரியாம பண்ணியா?”

இதுதான் நீ கேட்டது. கேட்டாய் என்று எழுதுவது பழக்கதோஷம். உன் குரல்வளையை எடுத்து அப்போது இருபது நாள் ஆகியிருந்தது. கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு, மயிலாப்பூரில் உன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, உன் மகள் ஷாஹின் சின்ன வயதில் எழுதிப் பழகிய பலகையில் சாக்பீஸால் எழுதி, என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாய். முப்பத்தொரு வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தவளின் கையெழுத்து. கேள்விக்குறியின் புள்ளிகூட உருண்டையாக இருந்தது.

நேற்று மேற்கு மாம்பலத்தில் என் வீட்டில் உன் பழைய கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன். அதன் உள்ளே இருக்கும் மின்விசிறி கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றியதும் சூடேறிய தூசியின் வாசனை அடித்தது. அதோடு உன் ஹால் வந்தது, பலகை வந்தது, நீ வந்தாய். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உனக்குச் சொல்ல வேண்டிய ஒரு செய்தியும் இருக்கிறது. அதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். பாடம் நடத்தியே கெட்டுப்போனவள் நான். வரிசை இல்லாமல் எனக்கு அழக்கூட வராது.

பள்ளிக்கூடத்தில் நம்மை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீ கெமிஸ்ட்ரி, நான் பிசிக்ஸ். ஓய்வு பெற்ற பிறகும் அதுவே நின்றுவிட்டது. “இன்னா பிசிக்ஸ், உங்க ஆத்துல இன்னைக்கும் ரசம்தானா?” என்று என் பேச்சையும் சமையலையும் ஒரே வரியில் கேலி செய்வாய். வகுப்பில் உனக்கு ஒரு தமிழ், மீன் கடையில் ஒரு தமிழ், வீட்டில் உருது. மூன்றிலும் உன் குரல் ஒன்றுதான். அசெம்ப்ளியில் மைக் கெட்டுப்போனால் உன்னைத்தான் மேடையில் ஏற்றுவார்கள்.

ரிச்சி தெருவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியை வாங்கி வந்து, ஓய்வு பெற்ற டீச்சர்கள் நம் பதினோரு பேருக்கும் ஒரு அரட்டை சர்வர் வைக்கப்போவதாக நீ சொன்னபோது எல்லாரும் சிரித்தோம். இலவசமாக எத்தனை செயலிகள் இருக்கின்றன, இது எதற்கு என்று நான் கேட்டேன்.

“நம்ம வம்பு நம்ம வீட்லயே இருக்கட்டும். ஊரான் கம்பெனில போய் எதுக்குப் பேசணும்?” என்றாய்.

இரண்டு மாதம் படித்தாய், தப்புத்தப்பாகச் செய்தாய், கடைசியில் அது ஓடியது. பொதுவான அறைக்கு ‘ஸ்டாஃப் ரூம்’ என்று பெயர் வைத்தாய். உனக்கு அடுத்த நிர்வாகியாக என்னைப் போட்டாய். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார வைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்.

“கன்டெய்னர்னா நம்ம லேப் குடுவை மாதிரி. உள்ள வேல நடக்கும். முடிஞ்சா கழுவிக் கவுத்துடலாம். உடஞ்சாக்கூட இன்னொண்ணு எடுத்துக்கலாம், கவலையே இல்ல. ஏன்னா மருந்து குடுவைல இல்ல. அலமாரி பாட்டில்ல கீது. அந்த பாட்டிலுக்கு இவங்க வெச்ச பேரு வால்யூம். நாம பேசினது, அனுப்பின போட்டோ, எல்லாம் அதுலதான். குடுவையோட எவ்ளோ வேணா வெளயாடு. பாட்டில்ல கை வெக்காத.”

நான் தலையாட்டினேன். ஒரு பெட்டியில் இரண்டு மூன்று குடுவைகள், அவற்றை ஒன்றாக எழுப்ப ‘அப்’ என்று ஒரு கட்டளை, இறக்க ‘டவுன்’ என்று ஒரு கட்டளை. இவ்வளவுதானே என்று நினைத்தேன். நீ ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டினாய்: ‘ஹேங் ஆகித் தொங்கினால் டவுன். பிறகு அப். வேறு எதுவும் வேண்டாம்.’

பிறகு உன் தொண்டை கரகரத்தது. மாத்திரை, கஷாயம், மறுபடி மாத்திரை. கடைசியில் அடையாறில் ஒரு டாக்டர் புற்றுநோய் என்றார், குரல்வளை முழுவதையும் எடுத்தாக வேண்டும் என்றார். அதற்கு மூன்று வாரம் இருந்தது. ஷாஹின் அப்போது மெல்போர்னில், ஏழு மாதக் கர்ப்பம். விமானத்தில் ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

நீ அழுததை நான் பார்க்கவில்லை. சர்வரில் இன்னொரு அறை திறந்தாய். ‘குரல்’ என்று பெயர் வைத்தாய். தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் நேராக அந்த அறைக்குள்ளேயே பேசி, ஒவ்வொன்றாக அங்கே போட்டாய்; போனில் எதுவும் தங்காது. பிறக்கப்போகிற குழந்தைக்குத் தாலாட்டு. தூங்கும் முன் சொல்கிற துவா. பிரியாணிக்கு எப்போது தம் போட வேண்டும், மருமகனை எப்போது திட்ட வேண்டும். ஷாஹினை இன்னும் அந்த அறைக்குள் சேர்க்கவில்லை. “புள்ள பொறக்கட்டும், அன்னிக்குக் கதவத் தொறக்கறேன்” என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது முப்பத்தாறு பதிவுகள் சேர்ந்திருந்தன. அவற்றுக்கு நகல் எடுத்து வைக்கும் வேலையை வீட்டுக்கு வந்ததும் செய்வதாக இருந்தாய்.

அவை தவிர உன் குரல் எங்கும் இல்லை. உலகத்தில் எல்லாரும் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தபோது நீ பிடிவாதமாக நம் சர்வரில் எழுத்தாகத் தட்டினாய். மகளோடு வீடியோவில் பேசியது பேசியதோடு போயிற்று. ஷாஹின் கல்யாண வீடியோவில் நீ நாலு இடத்தில் வருகிறாய். நாலிலும் வாயசைக்கிறாய், மேலே பாட்டு ஓடுகிறது.

உன்னை அறுவைக்கு உள்ளே கொண்டுபோன அன்றைக்கு நான் உன் வீட்டுச் சாவியோடு ஹாலில் இருந்தேன். நிர்வாகி என்பதால் என்னால் எந்த அறைக்குள்ளும் போக முடியும். போனேன். கேட்கக் கூடாது என்று தெரியும். ஒன்றை மட்டும், கடைசியாகப் போட்டதை மட்டும், கேட்டேன்.

“ஷாஹின், ஏதாச்சும் ஒண்ணுன்னா பிசிக்ஸ் ஆன்ட்டிகிட்ட கேளு. நல்லவ. ஓடி வருவா. ஆனா ஒண்ணு, அவ எதையும் பாதிதான் படிப்பா. மீதி தனக்குத் தெரியும்னு நெனச்சுக்குவா. அத மட்டும் பாத்துக்கோ.”

நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. நீ மேசைமேல் படுத்திருக்கிறாய், உன் கழுத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள், நான் உன்மேல் கோபமாக இருந்தேன். இதை நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

மறுநாள் காலையில் சர்வர் தொங்கியது. ‘ஸ்டாஃப் ரூமி’ல் யாருக்கும் செய்தி போகவில்லை. நம் பதினோரு பேரில் ஒருவரான தமிழம்மா என்னைப் போனில் கூப்பிட்டு, “என்ன டீச்சர், அவங்களுக்கு எப்படி இருக்குன்னு கேட்டா சுத்திக்கிட்டே இருக்கு?” என்றார். நான் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். உன் தாள் ஒட்டியிருந்தது. டவுன், பிறகு அப். வேறு எதுவும் வேண்டாம்.

அது எனக்குப் போதவில்லை. ஏன் தொங்கியது என்று கண்டுபிடித்து, விவரமாக எழுதி வைத்து, நீ வந்ததும் உன் முன்னால் போட வேண்டும் என்று இருந்தது. பாதி படிப்பவளா நான்? வேறு கட்டளைகளில் பின்னால் ஒரு இடைக்கோடும் ‘வி’ என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்தால், நடப்பதை விவரமாகச் சொல் என்று பொருள். அதை நான் படித்திருந்தேன். சேர்த்தேன். டவுன், இடைக்கோடு, வி.

கட்டளை என்னை ஒன்றும் கேட்கவில்லை. வரிவரியாகத் திரையில் வந்தது. இந்தக் குடுவை நீக்கப்பட்டது, அந்தக் குடுவை நீக்கப்பட்டது, இந்த வால்யூம் நீக்கப்பட்டது, அந்த வால்யூம் நீக்கப்பட்டது. நான் கேட்ட விவரம் வருகிறது என்று திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ‘அப்’ கொடுத்தேன். சர்வர் நொடியில் எழுந்து, புதிதாகக் குடிவந்த வீடு போல, வரவேற்கிறோம் என்றது. முதல் நிர்வாகியின் பெயரைக் கேட்டது.

அந்த இடத்தில் ‘வி’ என்றால் வால்யூம். உன் முப்பத்தாறும் இருந்த பாட்டில்.

நாற்பது வருஷம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்லிக்கொடுத்தேன்? ‘வி’யைப் பார்த்ததும் எழுத ஆரம்பிக்காதே. வோல்ட்டா, திசைவேகமா, வால்யூம் என்கிற பருமனா என்று முதலில் கேள். எந்தக் கணக்கில் நிற்கிறது என்று பார். பார்க்காமல் எழுதிய ஒரு பெண்ணுக்கு முழுப் பூஜ்யம் போட்டேன். அவள் அழுதாள். “அழுதா மாறிடுமா? மறுபடி படி” என்றேன். பருமன், பருமன் என்று சொல்லிக்கொண்டே உன் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். படிப்பதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை.

நீ வீட்டுக்கு வந்ததும் பொய் சொன்னேன். “டிஸ்க் போயிடுத்து” என்றேன். நீ என்னைப் பார்த்தாய். நடந்து போய்ப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாய். கட்டளைத் திரையைத் திறந்து மேல் அம்புக்குறி விசையை இரண்டு முறை அழுத்தினாய். பழைய கட்டளைகளை அது நினைவில் வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதுவும் நான் படிக்காத பாதி. நான் தட்டியது, இடைக்கோடும் வி-யுமாக, அப்படியே வந்து நின்றது. காப்பியடித்த பெண்ணின் கையை விரித்துக் காட்டச் சொல்லிவிட்டு நீ நிற்பாயே, அப்படி நின்றாய். பலகையை எடுத்தாய்.

முதலில், ‘போயிடுத்தா? போக வெச்சியா?’

துடைத்தாய். பிறகுதான் அந்தக் கேள்வி.

“தெரியாமதான்” என்றேன். “சத்தியமா தெரியாம.”

துடைத்துவிட்டு எழுதினாய்: ‘பாதி தெரிஞ்சு.’

அதை நான் ஏற்கெனவே உன் குரலில் கேட்டிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியாது.

கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றை டாக்டர் கொடுத்தார். ஒரே நாள் வைத்துப் பார்த்தாய். மிக்ஸி பேசுவது போல இருக்கிறது என்று எழுதிக் காட்டிவிட்டு அலமாரியில் போட்டாய். அடுத்த நாள் என் போனில் ‘ஸ்டாஃப் ரூம்’ ஒலித்தது. புதிய சர்வரில் நீ தட்டிய முதல் செய்தி எனக்குத்தான்: ‘என் குரலத் தின்னுட்ட இல்ல? இனிமே நீயே என் வாய். நான் எழுதறத ஒரு எழுத்து விடாம சத்தமாப் படிக்கணும். எங்க கூப்பிட்டாலும் வரணும்.’

வந்தேன். இரண்டரை வருஷம் வந்தேன். ஊரூர் குப்பத்து மீன்காரி தேசம்மாவின் முன்னால், மீன் வாசனைக்கே முந்தானையை மூக்கில் வைக்கிற நான், போனைப் பார்த்துப் படித்தேன்.

“இன்னா தேசம்மா, வஞ்சிரம் செவுளு வெளுத்துப் போய் கீது? நேத்து செத்ததா, போன அமாவாசைக்குச் செத்ததா?”

தேசம்மா உன்னைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். “த பாரு, மாமி மூஞ்ச வெச்சிக்கினு பாய்க்கடைப் பேச்சு பேசுது! இன்னாம்மா, இந்தம்மாவுக்கு நீதான் ஸ்பீக்கரா?”

நீ தட்டினாய். நான் படித்தேன். “ஆமா. ஓட்ட ஸ்பீக்கர். பாதிதான் கேக்கும்.”

அங்கிருந்த எல்லாரும் சிரித்தார்கள். நீ சத்தமில்லாமல், தோள் குலுங்க, கழுத்துத் துணி ஆடச் சிரித்தாய். என்னைப் பற்றி நீ சொல்கிற கேலியை என் வாயாலேயே சொல்ல வைப்பதில் உனக்கு அலுப்பு வரவே இல்லை. டி. நகரில் துணிக்கடையில், டாக்டர் முன்னால், ஆட்டோக்காரரிடம். ‘இவ பிசிக்ஸ் டீச்சர். ஆனா ஸ்விட்ச் மட்டும் போட விட்டுடாதீங்க.’ படித்தேன். ஒரு எழுத்தும் விடவில்லை.

ஒருநாள் பெசன்ட் நகர் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது, “என்னை மன்னிச்சுடேன்” என்று கேட்டேன். கடலைப் பார்த்தபடியே தட்டினாய். போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தேன். நீ காதைக் காட்டினாய். சத்தமாகப் படிக்க வேண்டும் என்பதுதானே ஏற்பாடு.

“மாட்டேன்” என்று படித்தேன்.

நீ மறுபடி காதைக் காட்டினாய். காற்று அதிகம், கேட்கவில்லையாம்.

“மாட்டேன்” என்று கத்தினேன். சுண்டல்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஷாஹினிடம் நீ டிஸ்க் போய்விட்டதாகவே எழுதியிருந்தாய். என்னைக் காப்பாற்றுகிறாய் என்று நினைத்தேன். நோய் திரும்பி வந்து நீ படுத்துவிட்ட கடைசி மாதத்தில், பெட்டியை என் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்ன அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. படுத்தபடி தட்டினாய். நீளமான செய்தி. படித்தேன்.

“நான் போனப்பறம் நீயே அவகிட்ட சொல்லு. நான் இருக்கும்போது சொன்னா, அவ என்னச் சமாதானம் பண்ணுவா, நான் உன்னச் சமாதானம் பண்ணணும். அந்த வேல எனக்கு வேணாம். நான் இல்லாம, நீ தனியா, அவ மூஞ்சிக்கு நேரா சொல்லு.”

படித்து முடித்ததும், “நீ ரொம்பக் கொடுமைக்காரி” என்றேன். கட்டை விரலை உயர்த்திக் காட்டினாய்.

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. பத்து மாதத்துக்கு மேல் நான் சொல்லவில்லை. ஷாஹின் போனில் பேசும்போதெல்லாம், “ஆன்ட்டி, அம்மா எழுதினத ஒண்ணு படிங்களேன்” என்பாள். பக்கத்தில், உன்னை ‘நானி’ என்று கூப்பிடும் உன் பேத்தி இருப்பாள். நீ பலகையோடும் போனோடும் இருந்தபோதுதான் அவள் உன்னைப் பார்த்தாள். வீடியோவில் நீ சிரிக்க நான் படிப்பதைக் கேட்டே வளர்ந்தாள். நான் படித்தால், “நானி! நானி பேசறா!” என்று கை தட்டுவாள். நானும் படித்தேன். மீன் கடை வசனம் எல்லாம் படித்தேன். சந்தோஷமாகவே படித்தேன் என்று சொன்னால் நீ நம்புவாய்.

போன மாதம் ஷாஹின் வீட்டைக் காலி செய்ய வந்தாள். செய்தி இதுதான்: போன ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொல்லிவிட்டேன். உன் ஹாலில் அவள் உன் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை என் மடியில் இருந்தது. டிஸ்க் போகவில்லை, நான்தான் அழித்தேன், ஒரே ஒரு எழுத்தால், என்று சொன்னேன்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. “எத்தன இருந்துச்சு?” என்றாள்.

“முப்பத்தாறு.”

“நீங்க எத்தன கேட்டீங்க?”

“ஒண்ணு.”

“என்ன சொன்னாங்க?”

சொன்னேன். நல்லவ, ஓடி வருவா, பாதிதான் படிப்பா, எல்லாவற்றையும். முழுக்க என் குரலில்.

ஷாஹின் லேசாகச் சிரித்தாள். “அம்மா கரெக்டாத்தான் சொல்லியிருக்காங்க.” இன்னொரு புடவையை எடுத்து, மூலை சேர்த்து, மடித்து, அடுக்கின் மேல் வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பேன்.

“ஆன்ட்டி, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளும்மா.”

“இனிமே அம்மா எழுதினத நீங்க படிக்காதீங்க. அம்மா எப்படிப் பேசுவாங்கன்னு என் காதுல இன்னும் கொஞ்சம் இருக்கு. நான்தான் உங்களப் படிக்கச் சொல்லிட்டே இருந்தேன், தப்பு என்னோடதுதான். ஆனா இப்ப அம்மாவ நெனச்சா உங்க குரல் வருது.”

குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. என் கன்னத்தைத் திருப்பி, “நானி பேசு” என்றது. நான் ஷாஹினைப் பார்த்தேன். அவள் குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

ஆக, கெமிஸ்ட்ரி, உன் மகளின் காதில் மிச்சமிருந்ததிலும் நான் கை வைத்திருக்கிறேன். இதற்கும் நீ மன்னிக்க மாட்டாய். இந்த முறை நான் கேட்கவும் இல்லை.

பெட்டி என்னிடம்தான் ஓடுகிறது. இரண்டரை வருஷம் நீ தட்டியது எல்லாம் அதில் இருக்கிறது; புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நகல் எடுக்கிறேன். ஒரு நகல் ஷாஹினுக்கும் போகிறது. நகல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிப்பேன். உதடு தானாக அசையும். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணால் மட்டும் படிக்கப் பழகுகிறேன். எழுபது வயதில் அது சுலபமாக இல்லை. மீன் விலை பேசும் இடம் வந்தால் கையால் வாயை மூடிக்கொள்கிறேன்.

இந்த மடல் வேறு யார் கையிலாவது கிடைத்தால், அவர்களுக்கு ஒரே ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஒருவரின் குரல் ஒரே இடத்தில் மட்டும் இருந்தால், இன்றே அதை இன்னொரு கருவிக்கு எடுத்து, முதல் கருவியை அணைத்து வைத்துவிட்டு, இரண்டாவதில் அது பேசுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.